மறுநாள் காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

உலக அழிவு பற்றிய ஆவணப்படங்களைத் தமிழில் ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மேட்டூர் அணையில் நீர்மட்டம் பார்த்துப் பதியும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில் வசிக்கிறேன். உங்கள் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து வருகிறது என்று மக்களுக்குச் சொல்லும் வேலையில்தான் என் பணிக்காலம் கழிந்தது. அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

அணை 120 அடியை எட்டியதும், 16 கண் மதகு வழியாக உபரி நீர் திறப்பதற்கு முன்பே கீழே உள்ள மாவட்டங்களின் ஆட்சியர்களுக்குத் தகவல் போய்விடும். நீர்வரத்து எவ்வளவு, திறக்கப்போவது வினாடிக்கு எத்தனை கன அடி, எந்த நேரத்தில் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு ஊர் ஊராகத் தண்டோராவும் ஒலிபெருக்கியும் போகும். பூலாம்பட்டியில் படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போய்விடுவார்கள். 2018 ஆகஸ்டில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கன அடி போனபோதும் இப்படித்தான் நடந்தது. அறிவிப்பில் சொன்னது பிசகினால் அதற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க ஓர் அதிகாரி இருப்பார். வெள்ளம் வடிந்த பிறகு, அபாயம் நீங்கியது என்று அதே ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

உங்கள் நிகழ்ச்சிகளை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இரவு உணவு நேரத்தில், வீட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்திருக்கும்போது, அவை வருகின்றன. அடிவயிற்றைக் கலக்கும் இசையும், கம்மிய குரலில் ஒருவரின் வர்ணனையும் தொடங்கிவிடும். எரிமலை, பிளந்த சாலை, சாயும் கட்டடம் என்று படங்கள் ஓடும். வர்ணனையாளர் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்கிறார். “இது தற்செயலா?” “அவர் இதைத்தான் சொன்னாரா?” “நாம் தயாராக இருக்கிறோமா?” கேள்வி கேட்டவர் பொய் சொன்னார் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் அதைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளையின் மனதில் பதிவது கேள்வி அன்று. உலகம் அழியப்போகிறது என்ற செய்தி.

2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாயா நாகரிகத்தின் நாட்காட்டி அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று முடிகிறது, ஆகவே அன்று உலகமும் முடிகிறது என்று ஆண்டுக்கணக்கில் படம் காட்டினீர்கள். அந்த நாட்காட்டியில் 1,44,000 நாட்கள் கொண்டது ஒரு பக்தூன். 13 பக்தூன் சேர்ந்தால் ஏறக்குறைய 5,125 ஆண்டுகள். அந்தச் சுற்று நிறைவடையும் நாள்தான் 2012 டிசம்பர் 21. அதோடு எல்லாம் முடிந்தது என்று மாயர்கள் எழுதி வைக்கவில்லை. பலெங்கே என்ற ஊரில் அவர்கள் செதுக்கிய கல்வெட்டு ஒன்று, நம் கணக்கில் கி.பி. 4772-இல் வரும் ஒரு நாளைக் குறிப்பிடுகிறது. உலகம் 2012-இல் அழியும் என்று நம்பியவர்கள் 4772-க்குத் தேதி குறித்திருப்பார்களா? அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் குவாதமாலாவிலும் மெக்சிகோவிலும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது உங்கள் படங்களில் முழுதாகப் பேசவிட்டு நான் பார்த்ததில்லை.

நம் பார்வையாளர்களுக்கு இதை விளக்குவது மிக எளிது. நமக்கும் 60 ஆண்டுச் சுற்று இருக்கிறது. 1987 ஏப்ரலில் அட்சய முடிந்து பிரபவ பிறந்தது. அன்று நம் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி செய்தார்கள். யாரும் உலக அழிவுக்குக் காத்திருக்கவில்லை. பஞ்சாங்கத்தின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கலியுகம் 4,32,000 ஆண்டுகள். அதில் கழிந்தவை ஐயாயிரத்துச் சொச்சம்தான். தமிழில் குரல் கொடுக்கும்போது இந்த ஒரு பத்தியைச் சேர்த்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும், பயம் போய்விடும் என்பதற்காகவே விட்டுவிட்டீர்கள்.

அந்தப் பயம் எங்கள் மலையில் என்ன செய்தது என்று சொல்கிறேன். ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி வைத்து, மரங்களில் மிளகுக் கொடி ஏற்றலாம் என்று 2012 மழைக்கு முன் திட்டம் போட்டிருந்தார். நாற்றுக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது. காப்பிச் செடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு நாள் என்னிடம் கேட்டார்: “அண்ணா, டிசம்பரோடு எல்லாம் முடிகிறது என்று டிவியில் காட்டுகிறார்களே, நாலு வருஷம் கழித்துக் காய்க்கிற செடிக்கு இப்போது கடன் வாங்கலாமா?” படிக்காதவரின் மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. எதிர்காலம் இல்லை என்று நம்பத்தகுந்த ஒருவர் சொன்னால், எந்த விவசாயியும் கடன் வாங்கத் தயங்குவார். உங்களை அவர் நம்பினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோட்டும் கண்ணாடியும் அணிந்து திரையில் தோன்றிய வெளிநாட்டுக்காரரின் பேச்சுக்கு முன் என் பேச்சு எடுபடவில்லை. அந்த ஆண்டு அவர் நாற்று வைக்கவில்லை. ஒரு பருவம் போனது போனதுதான்.

டிசம்பர் 22 காலையில் உங்கள் அலைவரிசைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேற்றுவரை நாங்கள் சொன்னது நடக்கவில்லை என்று ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தேன். வழக்கமான நிகழ்ச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. அபாயம் நீங்கியது என்று சொல்ல யாரும் வரவில்லை.

அதே 2012-இல் இன்னொரு நாளும் உண்டு. ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடற்பகுதியில் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையில் அதை உணர்ந்தவர்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் உடனே எச்சரிக்கை விடுத்தது. கடற்கரைகளில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நிலநடுக்கம் அது. கடல் நீரைப் பெரிதாக மேலே தூக்கவில்லை. பெரிய அலை வராது என்று கடலில் உள்ள கருவிகள் காட்டியதும் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். எந்த அளவீட்டைப் பார்த்து எச்சரித்தார்கள், எதைப் பார்த்து விலக்கினார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. மக்களைப் பயமுறுத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. அன்று பயமுறுத்தியது சரி. சில மணி நேரத்தில் அந்தப் பயத்தை விலக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுனாமி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. என் கோபம் முழுவதும் அங்கேதான். உங்கள் படங்களில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதியின் காட்சிகளை எடுத்துப் போடுகிறீர்கள். நாகப்பட்டினம், கடலூர், குளச்சல் என்று எங்கள் மக்கள் மடிந்த இடங்கள். அந்தக் காட்சியின் மேல், நாஸ்ட்ரடாமஸ் என்ற பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர் இதை அன்றே சொல்லிவிட்டார் என்று குரல் கொடுக்கிறீர்கள். அன்று காலை நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரப்படி 6.29 மணிக்கு. நம் கடற்கரையை அலை தொட்டது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. இரண்டு மணி நேரம்! ஆற்றில் திறந்துவிடப்பட்ட வெள்ளம் அடுத்த ஊருக்குப் போவதற்குள் அந்த ஊரையே காலி செய்யப் போதுமான நேரம் அது. இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமியைக் கண்டறியும் ஆழ்கடல் கருவிகளும் இல்லை, தகவல் சொல்லும் ஏற்பாடும் இல்லை. அதனால் மக்கள் செத்தார்கள். அன்று காலையில் நாஸ்ட்ரடாமஸின் பாடலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவராவது குளச்சல் கரைக்கு ஓடி வந்து, ஓடுங்கள் என்று சொன்னாரா? நடந்து முடிந்த பிறகு, பிணங்களை எண்ணி முடித்த பிறகுதான் அந்தப் பாடலுக்குப் பொருள் தெரிய வருகிறது. எவரையும் காப்பாற்றாத ஒன்றுக்கு, காப்பாற்றியிருக்கக்கூடிய அறிவின் பெயரைக் கொடுக்கிறீர்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் இதைப் பார்க்கின்றன என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததுண்டா?

நாஸ்ட்ரடாமஸ் 1503-இல் பிறந்து 1566-இல் இறந்த மருத்துவர், சோதிடர். 1555-இல் அவருடைய பாடல்கள் முதன்முதலாக அச்சில் வந்தன. நான்கு நான்கு அடிகளாக 942 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. போர், பஞ்சம், நெருப்பு, வெள்ளம், அரசன் மரணம் என்று இவற்றைக் கலந்து 942 முறை எழுதினால், கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் எந்தத் துயரத்துக்கும் ஒன்று பொருந்தும். அவர் தேதி சொன்ன இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று 1999-ஆம் ஆண்டின் ஏழாம் மாதம், வானிலிருந்து அச்சமூட்டும் பேரரசன் வருவான் என்பது. 1999 ஜூலை வந்தது, போனது. அந்தப் பாடலை உடனே ஆகஸ்ட் 11-இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்துக்கு இழுத்தார்கள். அதுவும் போனது.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, இரட்டைச் சகோதரர்கள் வீழ்வார்கள் என்ற ஒரு பாடல் அவருடையது என்று உலகம் முழுவதும் பரவியது. அது அவர் எழுதியதே இல்லை. தெளிவில்லாத வரிகளை எதற்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாம் என்று காட்டுவதற்காக, கனடாவில் ஒரு மாணவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டாக எழுதிய வரிகள் அவை. மோசடியைத் தோலுரிக்க எழுதியதையே எடுத்து மோசடிக்குப் பயன்படுத்தினார்கள். வருங்காலம் சொல்பவர் என்று பெயர் பெற்ற பாபா வங்காவின் கதையும் ஏறக்குறைய இதேதான். பல்கேரியாவில் 1996-இல் இறந்த அந்தப் பெண்மணி கைப்பட எழுதி வைத்த நூல் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் அவர் பெயரில் புதிய பட்டியல் ஒன்றை வெளியிடுகிறீர்களே, அது எந்தத் தாளில் இருந்து வருகிறது?

தொலைக்காட்சி வந்துதான் இந்தப் பயம் தொடங்கியது என்று நான் சொல்லமாட்டேன். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடுகின்றன என்று நாடெங்கும் யாகங்கள் நடந்தன. 1979 ஜூலையில் அமெரிக்காவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் தலையில் விழும் என்று பலர் கோழியையும் ஆட்டையும் அடித்துச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 77 டன் எடையுள்ள அந்த விண்கலம் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. அப்போது வதந்தி வாய்வழியாக வந்தது. சொன்னவரின் யோக்கியதை என்ன என்று கேட்பவருக்குத் தெரியும். இப்போது அது செய்தியின் உடையில், செய்தி வாசிப்பவரின் குரலில் வருகிறது.

அதன் விலை என்ன என்பது 2008 செப்டம்பரில் நாடறிந்தது. ஜெனீவா அருகே அணுவைவிடச் சிறிய துகள்களை மோதவிட்டு ஆராயும், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுவியை இயக்கத் தொடங்கும் நாளில் உலகம் அழியலாம் என்று நம் நாட்டுச் செய்தித் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் விவாதம் நடத்தின. மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்ததிலிருந்தே அவள் பயந்துபோயிருந்தாள் என்று தகப்பனார் சொன்னதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. உலகத்தை விழுங்கும் என்று சொன்ன அந்த இயந்திரம், இயங்கத் தொடங்கிய ஒன்பதாம் நாளில் ஹீலியம் கசிந்து பழுதாகி, ஓராண்டுக்கும் மேல் நின்று போயிருந்தது. பிறகு ஓடி, 2012 ஜூலையில், இயற்பியலாளர்கள் நெடுநாள் தேடிய ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்தது. அந்தப் பெண் இருந்திருந்தால் அப்போது அவளுக்கு இருபது வயது. பள்ளிப் பாடத்தில் படித்த இயற்பியல் மெய்யாவதை அதே தொலைக்காட்சியில் பார்த்திருப்பாள்.

எவருடைய பக்தியையும் நான் குறை சொல்லவில்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை ஏறுகிறவர்களோடு நானும் ஏறுகிறேன். ஏற்காட்டுத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் மண்டியிடுகிறவர்கள் என் நண்பர்கள். யுக முடிவைப் பற்றி ஒவ்வொரு சமயமும் பேசுகிறது. அது மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பது பற்றிய பேச்சு. நீங்கள் அதிலிருந்து தேதியை மட்டும் பிய்த்தெடுத்து இடையிடையே விளம்பரத்துக்கு விற்கிறீர்கள்.

விண்ணிலிருந்து ஆபத்து வரவே வராது என்பதும் என் வாதம் அன்று. அதை எப்படி அளக்கிறார்கள் என்று காட்டுங்கள் என்பதே நான் கேட்பது. 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-இல் பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு வந்தது. அதை அலறி அலறிச் சொன்னீர்கள். மேலும் சில நாட்கள் தொலைநோக்கியில் பார்த்துப் பாதையைத் துல்லியமாக்கியதும் அந்த வாய்ப்பு இல்லாமலே போய்விட்டது. அதை அடிவரியில் ஓட்டினீர்கள். எண் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பது ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு வேண்டிய அளவு சுவையான விஷயம். எங்கள் மலைக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988-இல் அங்கிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்குக் கணிதமேதை இராமானுசன் பெயரை வைத்தார்கள். தமிழ் பேசும் வானியலாளர்கள் இவ்வளவு அருகில் இருக்க, எங்கோ ஒரு நாட்டில் நூல் விற்கும் ஒருவரின் வாயசைப்புக்குத் தமிழ்க் குரல் பொருத்துவது ஏன்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2029 ஏப்ரலில் அபோபிஸ் என்ற சிறுகோள், ஏறக்குறைய 350 மீட்டர் அகலமுள்ளது, பூமியின் தரைக்கு மேல் சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும். உங்கள் ஒளிபரப்பை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, அவற்றைவிடக் கிட்டே. உலகின் சில பகுதிகளில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மேற்கே அது 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நமக்கு 14 அதிகாலை, சித்திரை முதல் நாள். 2004 டிசம்பரில், சுனாமி வந்த அதே நாட்களில், இதற்கு மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று ஒரு கணக்கு வந்தது உண்மை. அடுத்தடுத்த அளவீடுகளில் அது நீங்கியது. இன்னும் நூறு ஆண்டுகளுக்காவது மோதாது என்று 2021-இல் நாசா அறிவித்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை 13, புத்தாண்டு, வானிலிருந்து பேரரசன் என்று மூன்றையும் கோத்து நீங்கள் படம் செய்யப்போகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். அந்த ஆண்டும் மலையில் யாராவது நாற்று வைக்கக் காத்திருப்பார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகவே கேட்கிறேன். எந்தப் பழைய வாக்கைக் காட்டினாலும் அது எந்த ஆண்டு அச்சில் வந்தது, நிகழ்வுக்கு முன்பா பின்பா என்பதைத் திரையில் போடுங்கள். நடித்துக் காட்டிய காட்சி எது, உண்மையில் எடுத்த காட்சி எது என்று எழுதுங்கள். 2004-இல் இறந்தவர்களின் காட்சிகளை இந்தப் படங்களிலிருந்து நீக்குங்கள். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. விஞ்ஞானியின் பேச்சை அரை நிமிடமாக வெட்டாதீர்கள். தேதி குறித்து ஒளிபரப்பினால், அந்தத் தேதிக்கு மறுநாள், அதே நேரத்தில், அதே அளவு நேரம், நடந்தது என்ன என்று சொல்லுங்கள். மற்ற எதையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் போதும், பாதிப் படங்களை நீங்களே எடுக்க மாட்டீர்கள்.

இது என் விருப்பம் மட்டும் அன்று. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாம் விதி, மூடநம்பிக்கையையோ குருட்டு நம்பிக்கையையோ ஊக்குவிக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. அரை உண்மைகளைச் சொல்வதையும் அது தடுக்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் திருத்திய அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய முயல்கிற குடிமகனுக்கு எதிராக நாள்தோறும் உங்கள் அலைவரிசை பேசினால் அவன் எங்கே போவான்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் ஆபத்துகள் அப்படிப்பட்டவை: மண்சரிவு, இடி, ஆற்று வெள்ளம். அவற்றுக்கான எச்சரிக்கை வரும்போது மக்கள் உடனே நம்ப வேண்டும். எப்போது பார்த்தாலும் அழிவு என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவர், இன்று மலைப்பாதையில் போகாதீர்கள் என்ற அறிவிப்பையும் அதே காதால்தான் கேட்பார். என் துறையில் எனக்குப் பின் வந்தவர்களின் உழைப்பை நீங்கள் செல்லாக்காசாக்குகிறீர்கள் என்பதுதான் என் வருத்தத்தின் அடி.

2021-இல் திருத்திய விதிகளின்படி, பார்வையாளரின் புகாருக்கு 15 நாளில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும். அண்மையில் நான் பார்த்த நிகழ்ச்சிகளின் தேதி, நேரம், அவற்றில் வந்த வாக்கியங்கள் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எது என்று கேட்டுத் தனித்தனியே புகார் அனுப்பியிருக்கிறேன். தொலைபேசியில் அழைத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். எழுத்தில், பொறுப்பானவரின் கையொப்பத்தோடு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டூர் அணையின் ஓய்வுபெற்ற ஊழியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.